மூணு குருவித் தோரணம்

1

'கடல் கடந்து வாழும் சகோதரிகள், குறைந்த செலவில் பண்டிகைக்கு வீட்டை அலங்கரிக்கும் விதம் பற்றி எழுதி அனுப்பலாம்' என்று உங்கள் பத்திரிகையின் பெண்கள் பக்கத்தில் போட்டிருந்தது. காசு கொடுத்து வாங்கிப் படித்தேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். இங்கே கடை வைத்திருக்கிற பழவேற்காட்டு பாய் துவரம்பருப்பு மடித்துக் கொடுத்த தாளில் இருந்தது. எந்த மாதத்து இதழ் என்று தெரியவில்லை, மேல்பாதி வேறு யாருடைய மிளகாயோடோ போய்விட்டது. கெடு முடிந்திருந்தால் முடிந்திருக்கட்டும். எனக்கு ஆத்திரம் இருக்கிறது, அதைக் கொட்ட ஓரிடம் வேண்டும். நீங்களாகக் கேட்டு மாட்டிக்கொண்டீர்கள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அலங்கரிக்க எனக்கு வீடு கிடையாது. இந்தத் தீபாவளி வரைக்கும் ஓர் அறை இருந்தது. அந்த அறை எப்படிப் போயிற்று என்பதைத்தான் எழுதப் போகிறேன். நடுநடுவே அலங்காரமும் வரும், வேண்டியவர்கள் பொறுக்கிக்கொள்ளுங்கள்.

ஊத்துக்கோட்டைப் பக்கம் என்னைத் தெரிந்தவர்கள் இன்னும் இருப்பார்கள். "குப்பு மலாயாவுக்குப் போய்ட்டா, அவளுக்கு இன்னா கொற, டப்பு கொட்டுது" என்று அங்கே பேசிக்கொள்வதாகக் காதில் விழுகிறது. கொட்டத்தான் கொட்டுகிறது. ஐப்பசியில் தினம் சாயங்காலம் மழை கொட்டுகிறது, கூரைத் தகரத்தில் அடிக்கிற சத்தத்தில் தையல் மிஷின் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று எனக்கே தெரிவதில்லை.

2

என் வீட்டுக்காரருக்கு ஆர்.கே.பேட்டை. இங்கே கிள்ளான் பக்கத்துத் துறைமுகத்தில் சரக்கு இறக்குகிற வேலையில் இருந்தார். துறைமுகத்து லயத்தில், அதாவது கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில், எங்களுக்கு ஒரு வீடு இருந்தது. எங்கள் மகள் சரோஜாவுக்கு ஆறு வயது நடக்கும்போது காய்ச்சலில் போய்விட்டார். ஆள் போனதும் லய வீடும் போயிற்று. அவர் பிறந்த ஊர் எந்த ராஜ்யம் என்று ஆபீஸில் கேட்டார்கள். மதராஸ் என்றேன். இல்லை, இப்போது அது ஆந்திரா என்று ஒருத்தன் தேசப்படத்தை விரித்துக் காட்டினான். செத்தவர் எப்படி ராஜ்யம் மாறினார் என்று கேட்டேன். அதற்குப் பதில் சொல்ல வேறு ஆபீஸ் இருக்கிறதாம்.

ஊருக்குத் திரும்பியிருக்கலாமே என்பீர்கள். என் அண்ணன் கடுதாசி போட்டான். "வா" என்று எழுதியிருந்தால் அடுத்த கப்பலில் ஏறியிருப்பேன். "வந்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்று எழுதினான். அந்த 'ஆல்' என்னை இங்கேயே உட்கார வைத்துவிட்டது.

பிறகு கிராணி வீட்டுப் பின்கட்டில் ஓர் அறைக்கு வந்தோம். இங்கே கிராணி என்றால் ஆபீஸில் எழுதுகிற உத்தியோகஸ்தர். அவர் மனைவியை ஊர் முழுக்கக் கிராணியம்மா என்று கூப்பிடும். பலகை வீடு, முன்கட்டில் அவர்கள் இருவர், பின்கட்டில் நாங்கள் இருவர். அவர்களுக்குப் பிள்ளையில்லை. நான் தையல் தைத்து வாடகை கொடுத்தேன். அவளுடைய ரவிக்கைகளைச் சும்மா தைத்துக் கொடுத்தேன், அது வாடகையில் சேராது.

அவள் இங்கேயே பிறந்தவள், கான்வென்டில் படித்தவள். தமிழ்நாட்டைக் கண்ணால் பார்த்ததில்லை, ஆனால் என் தமிழைத் திருத்துவாள். நான் "ஊடு" என்றால் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "வீடு, குப்பு. வீ... டு. ஊடுன்னா கூலிக்காரப் பேச்சு" என்பாள். அவள் பேசுகிற வாக்கியத்தில் பாதி இங்கிலீஷ், கால்பங்கு மலாய். மிச்சமிருக்கிற கால்பங்கை வைத்துக்கொண்டு எனக்கு வாத்தியார் வேலை. "சரிங்கம்மா" என்று தலையாட்டுவேன். அறைக்குள் வந்து, ஊடு ஊடு ஊடு என்று மிஷினை மிதிப்பேன்.

3

சரோஜாவைக் கான்வென்டில் சேர்க்கப் போனபோது வெள்ளைக்காரச் சிஸ்டர் அவளிடமே கேட்டாள், ஃபாதர் நேம் என்ன என்று. குழந்தை பெருமையாக "நைனா" என்று சொன்னது. எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்றுதானே கூப்பிடுவோம், ஆந்திரா கூப்பிடு தூரம். சிஸ்டர் அப்படியே எழுதிக்கொண்டாள். இங்கே நைனா என்றால் அது துலுக்கர் பேர். என் மகள் சரோஜா, தகப்பன் பேர் நைனா, காலமாகிவிட்டார். ரிஜிஸ்டரில் ஏறிவிட்டது.

அந்த வருஷம் நோன்புப் பெருநாளைக்குச் சிஸ்டர் அவளுக்குக் கைகொடுத்து வாழ்த்துச் சொன்னாளாம். தீபாவளிக்கு முதல்நாள் இந்துப் பிள்ளைகளையெல்லாம் மத்தியானமே அனுப்பிவிட்டு இவளை மட்டும் சாயங்காலம் வரை கணக்குப் போட வைத்தாள். நான் ஓடிப்போய்க் கேட்டேன். அதை மாற்ற வேண்டுமென்றால் சத்தியப் பிரமாணம் எழுதி, ஸ்டாம்பு ஒட்டி, இவள் தகப்பன் நைனா அல்ல என்று நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். எப்படிப் போடுவேன்? அவளுக்கு அவர் நைனா அல்லவா?

கிராணியம்மா இதைக் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "கண்ட பாஷையில கூப்பிட்டா இதுதான் வரும். அப்பான்னு சொல்லிப் பழகு சரோ. டாடின்னா இன்னும் டீசன்ட்" என்றாள். குழந்தை பழகிக்கொண்டது. மறுவாரத்திலிருந்து 'நைனா' நின்றுவிட்டது. செத்துப் போனவருக்கு என்ன தெரியப் போகிறது என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் எனக்குத் தெரிந்தது. அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் என் மகள் "அப்பா" என்பாள், யாரோ பக்கத்து வீட்டு அப்பாவைச் சொல்கிற மாதிரி இருக்கும்.

இப்போது சரோஜாவுக்குப் பதினொன்று நடக்கிறது. பள்ளிக்கூடம் விட்டால் நேராக முன்கட்டுக்குத்தான். அங்கே மின்சார விசிறி, ரேடியோ, படம் போட்ட புத்தகம். என் அறையில் நான், மிஷின், வெட்டுத்துணி. கோபித்துக்கொள்ள முடியுமா? ஆனால் கோபித்துக்கொண்டேன்.

புரட்டாசியில் ஒருநாள் கிராணியம்மா என்னைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னாள். அவள் உட்காரச் சொன்னாலே ஏதோ பறிபோகப் போகிறது என்று அர்த்தம்.

"தீபாவளி கழிஞ்சதும் சரோ முன்கட்டுக்கே வந்துடட்டும். தனி ரூம், மேஜை, எல்லாம் குடுக்கறேன். ஸ்கூல்ல எங்க வீட்டுக்காரர் பேரையே ஃபாதர்னு மாத்திடலாம். அந்த நைனா தொல்லையும் தீரும். நீ எங்கே போகப் போற, பின்கட்டுலதானே இருப்ப? பாத்துக்கலாம்."

நான் மாட்டேன் என்றால் அறை போகும். சரி என்றால் பிள்ளை போகும். "தீபாவளி கழியட்டும்மா" என்று எழுந்து வந்துவிட்டேன். சரோஜாவைக் கேட்டேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "அங்க ஃபேன் இருக்கும்மா" என்றாள். 

4

இனி அலங்காரம்.

கிராணியம்மாவுக்குச் சீமையிலிருந்து ஒரு பெண்கள் புத்தகம் தபாலில் வரும். அதை விரித்து வைத்துக்கொண்டு, "இந்த வருஷம் நம்ம வீட்டுல ஆட்டம் டெக்கரேஷன். வெரி சீப்" என்றாள். எனக்கு ஆட்டம் என்றுதான் காதில் விழுந்தது.

"யாரும்மா ஆடப் போறாங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் சிரித்த சிரிப்பு ரோடு வரைக்கும் போயிற்று. அன்று வந்த போன எல்லோரிடமும் சொன்னாள். வண்ணானிடம்கூடச் சொன்னாள். ஆட்டம் என்றால் சீமையில் ஒரு காலமாம், மரத்து இலையெல்லாம் சிவந்து உதிருமாம், அதைப் பொறுக்கிக் கோத்து வீட்டில் தொங்கவிடுவார்களாம்.

"எங்க ஊருல அதுக்குச் சருகுன்னு பேரும்மா. கூட்டிக் குப்பக்குழியில கொட்டுவோம்" என்றேன்.

"அதனாலதான் நீங்கள்லாம் அப்படியே இருக்கீங்க" என்றாள்.

தீபாவளியன்று கிராணியின் ஆபீஸ் துரையும், தலைமைக் கிராணி குடும்பமும், இன்னும் நாலு பேரும் வருவதாக ஏற்பாடு. கிராணிக்கு உத்தியோக உயர்வு வரவேண்டிய நேரம். வீடு பளிச்சென்று இருக்க வேண்டும், ஆனால் கைக்காசு கரையக் கூடாது. அதற்கு என் மகள் கிடைத்தாள். அவளுக்குக் கை அப்படி. ஒரு தாளைக் கொடுத்தால் கத்தரிக்கோலோடு உட்கார்ந்து எதையாவது பூக்க வைத்துவிடுவாள்.

"சரோ எல்லாம் பண்ணுவா. நீ மட்டும் எதுலயும் கை வைக்காதே, குப்பு. தப்பா நினைச்சுக்காதே, நல்ல நாள் சாமான். உனக்கே தெரியும்" என்றாள் கிராணியம்மா.

எனக்குத் தெரியும். புருஷன் போனவள் தொட்டால் தோரணம் தீட்டு. ஆனால் நான் வெட்டிப் போட்ட துணி வேண்டும், என் நூல் வேண்டும், என் கத்தரிக்கோல் வேண்டும். என் கத்தரிக்கோல் மட்டும் சுமங்கலி போலிருக்கிறது.

சரோஜா செய்ததைச் சொல்கிறேன், குறை சொல்ல முடியாது. இந்த ஊரில் நாட்டு வாதுமை மரத்து இலை ஒன்றுதான் சிவந்து விழும். கடற்கரை ரோட்டில் பொறுக்கிக்கொண்டு வந்து, என் மிஷின் பலகைக்கு அடியில் அழுத்தி வைத்துக் காயவிட்டு, நூலில் கோத்தாள். சிகரெட்டுப் பெட்டி ஈயத்தாளை மடித்து நட்சத்திரம் வெட்டினாள். சீனர்கள் நிலாப் பண்டிகைக்கு விற்று மிஞ்சின எண்ணெய்க்காகிதத்தைப் பாய் சும்மா கொடுத்தார், அதில் மூங்கில் சிம்பு வைத்துக் கூண்டு விளக்குக் கட்டினாள். பசைக்கு மைதாவைக் காய்ச்சி மயில்துத்தம் ஒரு சிட்டிகை போட வேண்டும், இல்லாவிட்டால் பூச்சி தின்றுவிடும். அது மட்டும் நான் சொன்னது, தொடாமல் தள்ளி நின்று சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள், நீங்கள் கேட்ட சிக்கன அலங்காரம் இதுதான்.

"அம்மா, வாசலுக்கு ஒரு சர்ப்ரைஸ் வச்சிருக்கேன். ஆன்ட்டிக்கும் சொல்லல, உனக்கும் சொல்ல மாட்டேன்" என்றாள் கடைசி நாள். கையில் தென்னங்குருத்து வாசனை அடித்தது. எங்கே இதெல்லாம் பழகினாளோ, தோரணம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததோடு சரி. எனக்குத்தான் கை வைக்க உத்தரவு இல்லையே.

5

எங்கள் ஊரில் தீபாவளி அலங்காரத்துக்கு யாரும் புத்தகம் பார்த்ததில்லை. சுவருக்குச் சுண்ணாம்பு, அடியில் ஒரு காவிப் பட்டை. அமாவாசைக்கு நோம்பு எடுப்போம், அதிரசம் சுட்டு வைத்து, நோம்புக் கயிறு கட்டிக்கொள்வோம். என் நைனா கிணற்றங்கரைத் தென்னையிலிருந்து ஒரு குருத்தைச் சாய்த்துப் போடுவார். அதை வகிர்ந்து மடித்தால் தோரணம். நடுவில் குருவி குருவியாக மடிப்பு வரும். செலவு, ஏறின ஆளுக்கு ரெண்டு அதிரசம்.

இதை நன்றாகக் கேளுங்கள். நல்லதுக்குக் கட்டுகிற தோரணத்தில் நாலு குருவி, தலை மேலே பார்க்கும். சாவுக்குக் கட்டுவதில் மூணு குருவி, தலை கீழே தொங்கும். அங்கே பிறந்த யாருக்கும் இதைச் சொல்லித் தரத் தேவையில்லை. இந்தத் தெருவில் கல்யாணம், அடுத்த தெருவில் சாவு, இரண்டையும் பார்த்துக்கொண்டேதான் பள்ளிக்கூடம் போவோம். இடது கை வலது கை மாதிரி அது தெரியும். தெரிந்த விஷயம் என்பதால் சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றியதில்லை.

6

நல்ல நாள் காலையில் என் முகத்தில் யாரும் விழிக்கக் கூடாது. அதனால் தீபாவளியன்று மத்தியானம் வரைக்கும் நான் பின்கட்டை விட்டு வெளியே வருவதில்லை, அது கிராணியம்மா போட்ட சட்டம். சரோஜாவுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, நான் தைத்த பாவாடையைக் கட்டி முன்னால் அனுப்பினேன். என் அறை ஜன்னலிலிருந்து ரோடு தெரியும், வாசல் கேட்டுக்கு முன்னால் வந்து நிற்கிறவர்கள் தெரிவார்கள். கேட்டின் மேல்பக்கம் தெரியாது.

முன்னாலிருந்து கிராணியம்மாவின் குரல் கேட்டது. "ஓ மை காட்! சரோ, இது நீயே பண்ணியா? வெரி ப்ரிட்டி! பாருங்க, எவ்வளவு ஆர்ட்டிஸ்டிக்!"

என் வயிறு எரிந்தது. பெற்றவள் நான். பாராட்டுகிற இடத்தில் அவள் நிற்கிறாள்.

முதலில் துரை வந்தார். கேட்டில் நின்று அண்ணாந்து பார்த்தார், தலையாட்டினார், உள்ளே போய் முறுக்குத் தின்றுவிட்டுப் போனார். அதற்குப் பின்தான் வேடிக்கை. தலைமைக் கிராணி காரில் வந்து இறங்கினார், கூட அவர் மனைவி, காஞ்சிபுரம் பட்டு, கையில் பலகாரத் தட்டு. கேட்டுக்கு முன்னால் வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். அந்த அம்மாள் வாயில் கையை வைத்தாள். இரண்டு பேரும் குசுகுசுவென்று பேசினார்கள். தட்டைத் துண்டால் மூடிக்கொண்டு காரில் ஏறிப் போயே போய்விட்டார்கள். அடுத்து வந்த குடும்பமும் அப்படியே. அதற்கடுத்து வந்தவர் ஜிப்பாவில் செருகியிருந்த பூவைப் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டு நடந்தார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் பொய் சொல்ல மாட்டேன், சந்தோஷமாக இருந்தது. அவளுடைய அதிரசம் ஆறிக் கல்லாகட்டும் என்று நினைத்தேன். சமையல்கட்டில் அவள் பாத்திரத்தைத் தூக்கித் தூக்கி வைக்கிற சத்தம் கேட்டது. "துரைக்கு அப்புறம் ஏன் ஒருத்தரும் வரலை? எட்டரைக்குச் சொல்லியிருந்தேனே!" என்று புருஷனைக் குடைந்துகொண்டிருந்தாள்.

கடைசியில் பாய் வந்தார். வருஷா வருஷம் தீபாவளிக்குச் சரோஜாவுக்கு ஒரு பேரீச்சம்பழப் பொட்டலம் கொண்டுவருவார். அவர் கேட்டைப் பார்த்ததும் முன்பக்கம் போகவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு, வீட்டைச் சுற்றிப் பின்பக்கமாக மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"குப்பம்மா! யாரு மவுத்து? கிராணியா, அந்தம்மாவா? புள்ள நல்லாத்தானே கீது?"

"நல்ல நாளும் அதுவுமா இன்னா பாய் பேச்சு இது?"

"அப்போ வாசல்ல எதுக்கு எழவுத் தோரணம் தொங்குது? மூணு குருவி, தலகீழா! நான் பழவேற்காட்டுக்காரன்ம்மா, எனக்குத் தெரியாதா?"

சமையல்கட்டு ஜன்னல் எங்கள் தலைக்கு மேல்தான். கிராணியம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

நான் சட்டத்தையெல்லாம் மறந்து முன்வாசலுக்கு ஓடினேன். கேட்டு முழுக்கத் தோரணம். பச்சைக் குருத்து, ஒவ்வொரு மடிப்பும் நறுக்கென்று, ஒரு கோணல் கிடையாது. ஒவ்வொன்றிலும் மூணு குருவி, மூணும் தலைகீழ். நடுநடுவே ஈயத்தாள் நட்சத்திரம்.

"நீதான் சொல்லிக் குடுத்தே!" என்று கிராணியம்மா என் மேல் பாய்ந்தாள். வீடு என்று திருத்துகிற வாயிலிருந்து என்னென்னவோ வந்தது. "தாலியறுத்தவ! பிள்ளையைக் கேட்டேன்னு என் வாசல்ல சாவைக் கட்டிட்டியே! என் புருஷனுக்கு எதாவது ஆகணும், அதானே? சூனியக்காரி!"

"நீங்கதானேம்மா என்னைக் கையே வைக்கக் கூடாதுன்னீங்க? வச்சிருந்தா இது நடந்தே இருக்காது" என்றேன்.

"அப்ப இதுக்கு எங்கேருந்து வந்தது இந்தப் புத்தி?" என்று சரோஜா பக்கம் திரும்பினாள்.

எனக்கும் அதே கேள்விதான். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், என் மகள் வேண்டுமென்றே செய்திருக்கிறாள் என்று நினைத்தேன். முன்கட்டு வேண்டாம் என்று சொல்ல வாய் வராமல் தோரணத்தில் சொல்லியிருக்கிறாள் என்று நினைத்தேன். அப்படி நினைத்தபோது என் நெஞ்சு எவ்வளவு நிமிர்ந்தது தெரியுமா!

சரோஜா கிராணியம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"தோரணம்னா இதானம்மா? நைனாவுக்கு இப்டித்தானே கட்னாங்க? நான் அழுவக் கூடாதுன்னு அந்த மாமாங்க என்னை மடியில வச்சிக்கினு மடிக்கக் கத்துக் குடுத்தாங்களே. அழகா இருக்குன்னுதாம்மா கட்னேன்."

 பாய் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் எனக்கு எல்லாம் புரிந்தது. அவர் போன அன்று லயத்து வாசலில் துறைமுகத்து ஆட்கள் உட்கார்ந்து குருத்து மடித்தார்கள். குழந்தை யார் மடியில் இருந்தாள் என்று பார்க்கிற நிலையில் நான் இல்லை. அதன்பின் அவள் தோரணம் எங்கே பார்த்தாள்? என்னைக் கல்யாணத்துக்கு யார் கூப்பிட்டார்கள், அவளைக் கூட்டிக்கொண்டு போக? இந்த நாட்டில் வளர்ந்த என் மகள் கண்ணால் கண்ட ஒரே தோரணம் அவள் அப்பனுக்குக் கட்டினது. அதைத்தான் அழகு என்று இத்தனை வருஷம் கைக்குள் வைத்திருந்தாள்.

கிராணியம்மாவுக்கு அதெல்லாம் ஏறவில்லை. "இந்தத் தரித்திரம் எனக்கு வேண்டாம். தாயும் வேண்டாம், பொண்ணும் வேண்டாம். நாளைக்கே காலி பண்ணு" என்றாள். கிராணி மட்டும் "நல்ல நாள், விடு" என்று முனகினார். அந்த வீட்டில் அவர் பேச்சு என்றைக்கு எடுபட்டது?

"கடைக்கு மேல ரூம் சும்மாதான் கீது குப்பம்மா. மிஷினத் தூக்கிக்கினு வந்துடு. வாடகை அப்பறம் பேசிக்கலாம்" என்றார் பாய், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

7

அன்று சாயங்காலம் மழை விட்டதும் பின்வேலித் தென்னையிலிருந்து பாய் கடைப் பையன் ஒரு குருத்தை வெட்டிப் போட்டான். சரோஜா அறை மூலையில் சுருண்டு படுத்திருந்தாள். நான் வாசற்படியில் உட்கார்ந்து மடிக்க ஆரம்பித்தேன். புருஷன் போனபிறகு இந்தக் கை குருத்தைத் தொட்டதில்லை. மடிப்பு மறக்கவில்லை. கண்தான் மறைத்தது, ஆனால் அழுதுகொண்டே மடித்தேன் என்று எழுத மாட்டேன், திட்டிக்கொண்டே மடித்தேன். கிராணியம்மாவைத் திட்டினேன். கல்யாணத்துக்குக் கூப்பிடாதவர்களைத் திட்டினேன். 'வந்தால்' என்று எழுதின அண்ணனைத் திட்டினேன். காய்ச்சலில் போனவரையும் ரெண்டு வார்த்தை கேட்டேன்.

சத்தம் கேட்டு எழுந்து வந்த சரோஜா பக்கத்தில் குந்தினாள். எண்ணிப் பார்த்தாள்.

"நாலு கீதும்மா" என்றாள். அந்த 'கீது' எத்தனை நாளைக்கப்புறம் அவள் வாயில் வருகிறது! முன்கட்டில் காது நீண்டிருக்கும் என்று தெரிந்தும் அவள் அதைத் திருத்திக்கொள்ளவில்லை.

"ஆமா. இது நம்ம ஊட்டுக்கு" என்றேன்.

பின்கட்டு அறை வாசலில் ஆணியடித்துக் கட்டினோம். ஒரு ராத்திரிக்குத்தான். காலையில் மிஷினோடு கிளம்ப வேண்டும். இருந்தாலும் கட்டினோம். கேட்டில் தொங்கினதையெல்லாம் வேலைக்காரியிடம் அறுத்தெறியச் சொல்லிவிட்டு, கிராணியம்மா இந்தப் பக்கம் வந்தாள். தோரணத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை குருவி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனித்தாள். ஒரே நாளில் எவ்வளவு கற்றுக்கொண்டுவிட்டாள்!

"தாலியறுத்தவ வாசல்ல மங்கலத் தோரணமா? வெட்கமா இல்லை?"

"இல்லம்மா" என்றேன். "எழவுத் தோரணம்தான் உங்க ஊட்டு வாசலுக்குப் போயிடுச்சே. எங்ககிட்ட மிச்சம் இதான் கீது."

அவள் கதவைச் சாத்திய சத்தத்தில் தோரணம் ஒருமுறை ஆடி நின்றது. சரோஜா பாவாடையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

இப்போது பாய் கடைக்கு மேலே இருக்கிறோம். விசிறி கிடையாது, கீழேயிருந்து கருவாட்டு வாசனை ஏறி வரும். உங்கள் பத்திரிகைக்குச் செலவுக் கணக்கு வேண்டுமென்றால், குருத்து சும்மா கிடைத்தது, ஆணி பழசு, ஆக அலங்காரத்துக்குச் செலவு ஒன்றுமில்லை. சரோஜாவின் பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் தகப்பன் பேர் இன்னும் நைனா என்றுதான் இருக்கிறது. அதை மாற்றச் சொல்லி இனி நான் யாரிடமும் போகப் போவதில்லை.